கியோட்டோவில் சைவ வீட்டுச் சாப்பாட்டுக்கு 22,000 யென் கட்டி ஏமாந்தோம்: எச்சரிக்கை

நேற்று முன்தினம் நடந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து ஜப்பானைச் சுற்றிக் காட்டப் போகிறவர்கள், அதிலும் சைவக் குடும்பம் என்றால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான் டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அம்மா பிறந்ததிலிருந்து சைவம், முட்டை கலந்த கேக் கூடத் தொடமாட்டாள். வந்த நாளிலிருந்து நான் சமைத்ததையும் இங்குள்ள நம் ஊர்க் கடைகளில் கிடைத்ததையும்தான் சாப்பிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து இந்த ஊர்ச் சாப்பாட்டை ஒருவேளை கூட ருசி பார்க்காமப் போறேனே" என்று ஒருநாள் சொன்னாள். அதற்காகத்தான் தேடினேன்.

கடை கியோட்டோவில் ஒரு சந்துக்குள், பழைய மரவீட்டில் இருக்கிறது. எட்டே இருக்கைகள். வயதான கணவன் மனைவி இருவரும் நடத்தும் சின்ன கஃபே. ஒபன்சாய் என்று கியோட்டோக்காரர்கள் சொல்லும் வீட்டுச் சமையல்தான் அங்கே. முன்பதிவு செய்ததும் முழுப் பணம் கட்டியதும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒரு தளத்தில். பணத்துக்கான புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் இரண்டின் பெயரையும் இப்போது போடவில்லை.

சாதாரணமாக இங்கே ஒரு மதியச் செட் சாப்பாடு 1,000, 1,500 யென்னுக்குள் முடிந்துவிடும். இவர்கள் கேட்டது ஆளுக்கு 5,500. சைவத்துக்குத் தனியாகச் செய்ய வேண்டும், அதனால் கூடுதல் என்றார்கள். சரி, நியாயம்தான் என்று நான்கு பேருக்கு 22,000 யென் கட்டினேன். நம் ஊர்க் கணக்கில் 12,000 ரூபாய்க்கு மேல்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. இங்கே மீன் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். தாஷி என்ற சாறுதான் எல்லாவற்றுக்கும் அடி, நமக்கு ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி. மிசோ என்ற சோயா விழுதில் வைக்கும் சூப், வேகவைத்த முள்ளங்கி, கீரை, எல்லாவற்றிலும் அது சேரும். பெரும்பாலும் அதைக் கட்சுவோபுஷியில் எடுப்பார்கள். அது என்ன என்று தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: மாசி. அதே சூரை மீன், அவித்துப் புகையில் உலர்த்திச் சீவியது. வீடுகளில் மிசோ சூப்புக்கு நிபோஷி போடுவார்கள், அது நெத்திலிக் கருவாடு. இதெல்லாம் தெரிந்ததால்தான் பணம் கட்டும் முன்பே ஜப்பானிய மொழியில் தெளிவாக எழுதிக் கேட்டேன்: மீன் மட்டுமல்ல, மீனில் எடுத்த தாஷியும் கூடாது, அம்மா ஆயுளுக்கும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் பதில் வந்தது. "தைஜோபு தெஸ். கொம்பு தோ ஷீதாகே தே ட்சுகுரிமாஸ்." கவலை வேண்டாம், கடற்பாசியிலும் காளானிலும்தான் செய்வோம் என்று. அந்தப் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

போனோம். வாசலில் கடைக்கார அம்மா குனிந்து வரவேற்றார். சோறு, ஊறுகாய், கத்தரிக்காய், டோஃபு, பெரிய முள்ளங்கித் துண்டு, கீரை, சூப். கீரைமேல் வழக்கமாகத் தூவும் மீன் சீவல் இல்லை. பார்த்ததும் நம்பிவிட்டேன், மறுபடி கேட்கவில்லை. அம்மா முள்ளங்கியை முழுதாகச் சாப்பிட்டாள், "வெண்ணெயா இருக்குப்பா" என்றாள். பிறகு சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

"ஏ ஐயா, இதுல மாசி வாசம்லா வருது."

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். அக்கம்பக்கத்து வீடுகளில் மாசி வறுக்கும் வாசனையை ஐம்பது வருஷமாக அறிந்த மூக்கு. எழுந்துபோய் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். முதலில் தைஜோபு என்றார். எதில் செய்தது என்று மறுபடி கேட்டதும், "சொத்தோ தகே" என்றார். கொஞ்சம்தானாம். அன்று கூட்டம், அதனால் எல்லோருக்கும் வைத்த தாஷியையே எங்களுக்கும் ஊற்றிவிட்டார்களாம். முள்ளங்கியும் அதில்தான் வெந்ததாம்.

கொம்பு என்ற அந்தக் கடற்பாசியை முந்தின இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் தாஷி தயார். அந்த ஊர்க் கோயில்களில் ஷோஜின் ரியோரி என்று மீனே சேராத சமையலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். தெரியாததால் வந்த தவறு இல்லை இது. செய்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, அதற்கென்று கூடுதல் காசும் வாங்கிக்கொண்டு, செய்யவில்லை.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதிக்கு வந்து தலைக்குக் குளித்தாள், ராத்திரி வாழைப்பழமும் பாலும்தான். "தெரியாமத்தானே சாப்பிட்ட, விடு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவளால் விட முடியவில்லை. என்னாலும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது தளத்தின் பொறுப்பு என்கிறது கடை. "சாப்பாடு பரிமாறப்பட்டது, எனவே ரத்துக்கு வழியில்லை, கடையிடம் பேசுங்கள்" என்கிறது தளம். மறுபடி கடைக்குப் போன் செய்தால் "மோஷிவாகே கொசாய்மாசென்". மூன்று முறை பேசினேன், மூன்று முறையும் அவ்வளவு மரியாதையான மன்னிப்பு, 22,000 யென் பற்றி மட்டும் பேச்சே இல்லை. இன்று காலை தளத்திலிருந்து ஒரு கடிதம்: அடுத்த முன்பதிவுக்கு 1,000 யென் கூப்பன். 22,000 போன இடத்தில் 1,000, அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சின்ன வீட்டுக் கடைகளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கிற இடமாகப் பாருங்கள். எழுத்தில் உறுதி தந்திருந்தாலும், உட்கார்ந்ததும் முதல் வாய்க்கு முன்னால் தாஷி எதில் எடுத்தது என்று இன்னொரு முறை கேளுங்கள். சில கடைகளில் மிசோவே தாஷி கலந்து பாக்கெட்டில் வருகிறது, அதையும் கேளுங்கள். பேசிய செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் 188 என்ற எண்ணுக்கு அழைத்தால் பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். நாளை காலை நான் செய்யப்போவதும் அதுதான், கார்டு வங்கியிலும் புகார் கொடுக்கப் போகிறேன். 22,000 யென்னில் ஒரு யென் திரும்பி வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.