ஸ்மார்ட் கண்ணாடி செய்ய எதில் காசு போடலாம்?

முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் திரை வைத்து, நேரம், வானிலை எல்லாம் அதிலேயே தெரியச் செய்வதுதான் ஸ்மார்ட் கண்ணாடி. அதை வீட்டிலேயே செய்ய நினைக்கிறவர்கள், திரையை ஓட்டும் ரஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் எதை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக யோசித்தால் போதும். தினமும் முகம் பார்க்கப்போவது கண்ணாடியில்தான். காசை அதில் போடுங்கள்.

ஆக மலிவான வழி, ஜன்னலுக்குப் போடும் சாதாரணத் தெளிவான கண்ணாடியில் வெள்ளி நிறப் பிரதிபலிப்பு ஃபிலிம் ஒட்டுவது. வாகனங்களுக்கு ஒட்டும் வெறும் கறுப்பு ஃபிலிம் சரிவராது. கொழும்புத் தூசியில் குமிழியில்லாமல் ஒட்டுவது பெரும்பாடு, பின்னால் வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு துகளும் தெரியும். அடுத்தது, முகமும் காட்டிப் பின்வெளிச்சத்தையும் விடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. பாரம் குறைவு, விழுந்தாலும் இலகுவில் உடையாது, வெட்டுவது சுலபம். ஆனால் 3 மில்லிமீட்டர் தகடு அகலம் கூடினால் வளையும், முகம் கோணலாகத் தெரியும். துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். சின்னதாகச் செய்தால் அக்ரிலிக் போதும். ஆளுயரத்தில் பாதியாவது வேண்டுமென்றால், முன்னால் முகம் காட்டிப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தையும் விடும் இருவழிக் கண்ணாடிதான். விலையும் பாரமும் கூடத்தான், ஆனாலும் அந்தத் தெளிவு வேறெதிலும் வராது.

எதை வாங்கினாலும் கடையிலேயே சோதியுங்கள். போனில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை வைத்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, தகட்டின் பின்னால் ஒட்டிப் பிடியுங்கள். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும், போனின் ஓரம் தெரியக்கூடாது.

திரைக்குப் பழைய லேப்டொப் பேனலா, பாவித்த மொனிட்டரா? பேனல் மெல்லியது, அழகாக உட்காரும். ஆனால் அதற்குப் படத்தை அனுப்பும் கன்ட்ரோலர் போர்டை, பேனலின் பின்பக்கத்திலுள்ள மொடல் இலக்கத்துக்குப் பொருந்துவதாகத் தனியாகத் தேட வேண்டும். மொனிட்டரில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, சட்டத்தைக் கழற்றினால் முடிந்தது. என் தெரிவு மொனிட்டர், அதிலும் எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை. மலிவான டிஎன் வகைத் திரையை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்தால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் மாறிப்போகும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கமோ புறக்கோட்டையிலோ பாவித்தது வாங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். தானாக எரியாத மொனிட்டர் வேண்டாம். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் சட்டத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பொத்தானைத் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இனி ரஸ்பெரி பை. நேரம், வானிலை, நாட்காட்டி காட்ட 2018இல் வந்த 3 பி பிளஸ் தாராளம். திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை முழு அளவு என்பதால் வழக்கமான வயரே போதும். சீரோ 2 டபிள்யூவில் இருப்பது 512 மெகாபைட் நினைவகம், இதையெல்லாம் திரையில் காட்டும் மேஜிக்மிரர் மென்பொருள் அதில் தடுமாறும். பை 5 இந்த வேலைக்கு அளவுக்கு மிஞ்சியது. அதற்குப் பரிந்துரைக்கப்படும் அடாப்டர் 27 வொட், மூடிய சட்டத்துக்குள் சூடும் கூடும். நம் ஊர் வெக்கைக்கு எந்தப் பை என்றாலும் சட்டத்தின் கீழும் மேலும் காற்றுத் துளை விடச் சொல்லித் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணாடி ஏறிய பிறகு துளையிடுவது ஆபத்து.