கலாபகோஸ் படகுப் பயணம்: அறையைவிடப் பாதை முக்கியம்

பசிபிக் கடலில் இருக்கும் ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளுக்குப் படகு பதிவு செய்யும்போது எல்லோரும் அறை எப்படி, பால்கனி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் அந்த வாரம் படகு எந்தத் தீவுகளுக்குப் போகிறது என்பது. ஒரே இடத்துக்கு ஒரு படகு 14 நாளுக்குள் திரும்பி வரக்கூடாது என்று தேசியப் பூங்கா விதி வைத்திருப்பதால், பல படகுகள் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வைத்து அதைத் துண்டு துண்டாக விற்கின்றன, அதனால் அதே படகில் அதே விலைக்கு அடுத்த வாரம் ஏறுகிறவர் வேறு தீவுகளைப் பார்த்துவிட்டு வருவார்.

நாங்கள் எடுத்தது 16 பேர் போகும் சிறிய படகு, இசபெலாவைச் சுற்றி ஃபெர்னாண்டினா வரை போகும் மேற்குப் பாதை. பறக்க முடியாத நீர்க்காகம் உலகத்திலேயே இந்த இரண்டு தீவுகளின் கரையில்தான் வாழ்கிறது. ஃபெர்னாண்டினாவில் கறுத்த எரிமலைப் பாறை மேல் கடல் இகுவானாக்கள் (கடலில் மேயும் பெரிய பல்லி இனம்) ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு மூக்கு வழியாக உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆண் நீர்க்காகம் கடற்பாசியை அலகில் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் இருந்த பெட்டையிடம் கொடுத்தது. எங்கள் வழிகாட்டி பேசுவதை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை எங்களை அங்கேயே உட்காரவைத்தார். அவருக்காகவே இந்தப் படகில் இன்னொரு முறை போவேன்.

குறைகளும் உண்டு. கீழிருந்து குளிர்ந்த நீரோட்டம் மேலே வரும் கடல் அது, பூமத்திய ரேகையில் பென்குயின் வாழ்வதே அதனால்தான், அப்படி இருந்தும் குளிர் தாங்க நீந்தும்போது போட்டுக்கொள்ளப் படகில் கொடுத்த வெட்சூட் உடை மெல்லியது, கொஞ்ச நேரம் நீந்தினாலே நடுங்கிவிடும். இசபெலாவின் வடமுனையைச் சுற்றும் இரவில் படகு நன்றாகவே ஆடியது, கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள், அங்கே ஆட்டம் குறைவு. சாப்பாடு பரவாயில்லை.

பதிவு செய்து கொடுத்த முகவர் மேல்தான் எனக்குக் கோபம். எட்டு நாள் பயணம் என்றார், முதல் நாளும் கடைசி நாளும் பெரும்பகுதி விமானத்திலேயே போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் விலையில் சேராது என்பதையும் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு அது 200 டாலர், ரொக்கமாகவே கொண்டுபோங்கள். அப்புறம் தீவுகளுக்கு விமானம் ஏறும் கீட்டோ அல்லது குவயாகில் விமான நிலையத்தில் எடுக்கவேண்டிய பயண அட்டைக்கு 20 டாலர் தனி. ஈக்வடாரில் புழங்குவதே அமெரிக்க டாலர் என்பதால் மாற்றும் வேலை மிச்சம்.

ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தப் பாதை வேண்டாம், எஸ்பானியோலா தீவுக்குப் போகும் வாரமாகப் பாருங்கள், அதுவும் ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில். முன்பணம் கட்டும் முன், எந்த நாளில் எந்த இடத்தில் இறங்குவோம் என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.