ராயல் ஓக் பெர்பெச்சுவல் காலண்டர்: லாக்கரில் வைக்கவா, கையில் கட்டவா?

ஓடமார் பிகே என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் ராயல் ஓக் வாட்ச், 26574 ஸ்டீல் மாடல், நீல டயல். மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருடமா இல்லையா என்று தானே கணக்கிட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளும், அதுதான் பெர்பெச்சுவல் காலண்டர். ஏற்கெனவே ஒருவர் கட்டியதைத்தான் வாங்கினேன், சில வருடங்களாகக் கையில் இருக்கிறது. ‘லாக்கரில் வை, விலை ஏறும்’ என்று சொல்லாதவர் இல்லை. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இது கட்ட வேண்டிய வாட்ச்.

காரணம் எளிது. கையில் இருக்கும்வரை கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும், கழற்றிவிட்டால் முழுச் சாவியில் சுமார் 40 மணி நேரம்தான் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியவாக்கில் நின்றுவிடும். அப்புறம் கிழமை, தேதி, மாதம், நிலா என்று ஒவ்வொன்றையும் கேஸின் பக்கவாட்டில் பதிந்திருக்கும் குட்டிப் பொத்தான்களை அதற்கான குச்சியால் அழுத்தி அழுத்திச் சரிசெய்ய வேண்டும். அதையும் நள்ளிரவையொட்டிய நேரத்தில் செய்யக் கூடாது. உள்ளே சக்கரங்கள் நாளை மாற்றிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் பாகம் கெட்டுவிடும். தினமும் கட்டினால் இந்த வேலையே இல்லை.

இதன் உயிர், நாலு வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் ஒரு சக்கரம். அதன் விளிம்பில் மாதத்துக்கு ஒரு இடம். 31 நாள் மாதத்துக்குப் பள்ளமே கிடையாது, 30 நாளுக்குச் சின்னப் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருடப் பிப்ரவரிக்கு மட்டும் ஆழம் ஒரு நூல் குறைவு. ஒரு நெம்புகோல் அந்த ஆழத்தைத் தடவிப் பார்த்துத்தான் மாதம் எத்தனை நாளில் முடிகிறது என்று தெரிந்துகொள்கிறது. 2024 பிப்ரவரி 28 ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து பார்த்தேன். தேதி முள் 29-க்குப் போய் நின்றது, மறுநாள் ராத்திரி 1-க்குத் தாவியது. பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை, வெறும் உலோகம்! தொடர்ந்து ஓடினால் 2100 மார்ச் 1 அன்றுதான் தேதியை யாராவது திருத்த வேண்டும், ஏனென்றால் 2100 லீப் வருடம் இல்லை.

இத்தனையும் 4.31 மி.மீ. தடிமனுள்ள 5134 இயந்திரத்தில், 374 பாகங்களாக அடங்கியிருக்கிறது. இதற்கு அடிப்படை 1967-இல் வந்த 2.45 மி.மீ. இயந்திரம். கேஸே 9.5 மி.மீ.தான் என்பதால் முழுக்கைச் சட்டைக்குள் தடையில்லாமல் நுழைகிறது. வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972-இல் வெளிவந்த அந்த எண்கோண விளிம்பு, எட்டுத் திருகு, கைக்கு இழைந்து உட்காரும் செயின், இதெல்லாம் இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை.

குறையும் உண்டு. ஸ்போர்ட்ஸ் வாட்ச் என்று பெயர், ஆனால் தண்ணீர் தாங்குவது 20 மீட்டர்தான், கை கழுவலாம், நீச்சல் கூடாது. நொடி முள் இல்லை, அதனால் ஓடுகிறதா நின்றதா என்று சட்டெனத் தெரியாது. 12 மணிப் பக்கம் உள்ள லீப் வருட முள்ளைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். தேய்த்த பரப்பும் பளபளப்பான ஓரமும் மாறி மாறி வருவதால் கீறல் உடனே தெரிகிறது, எனக்கு அது உறுத்தவில்லை.

2025-இல் வந்த 7138 இயந்திரத்தில் எல்லாவற்றையும் சாவிக் குமிழைத் திருகியே மாற்றலாம், 55 மணி நேரமும் ஓடும். வசதி வேண்டுமென்றால் அதுவே சரி. பழையதைத்தான் வாங்குவேன் என்றால், விற்பவரிடம் அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.