ஏ.பி. அமெரிக்க வரலாற்றுக்கு ட்யூட்டர்: நிறுவனமா, கல்லூரி மாணவரா, ஓய்வுபெற்ற ஆசிரியரா?

போன வருடம் அக்டோபரில் மகள் தன் முதல் டி.பி.க்யூ. கட்டுரையை, அதாவது ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரையை, பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள். 7க்கு 2. பதினோராம் வகுப்பு, ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் அமெரிக்க வரலாறு. பிள்ளைகள் ‘ஏ-புஷ்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பாடம். படிக்காமல் போனவள் இல்லை. 1763இல் என்ன, 1820இல் என்ன என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாள். “எல்லாம் எழுதினேன்ப்பா, எதுக்குக் குறைச்சாங்கன்னே தெரியல” என்றாள்.

கால்குலஸ், இயற்பியல் என்றால் நானோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். இதில் எங்களால் முடியவில்லை. திருச்சியில் நாங்கள் படித்த வரலாறு ஐந்து காரணங்கள், ஐந்து விளைவுகள், ஆண்டு, இடம், முடிவு என்று இருந்தது. அப்படி எழுதத்தான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். அதுவே அவளுக்கு இடைஞ்சலாகிவிட்டது. அதனால் ட்யூட்டர் தேடினோம். அடுத்த மே மாதத்துக்குள் மூன்று விதமான ஆட்களைப் பார்த்துவிட்டோம். நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பலர் இதே கேள்வியைக் கேட்பதால் விவரமாக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓய்வுபெற்ற ஏ.பி. ஆசிரியர் பக்கம்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். மொத்தம் 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினாக்களுக்கு 55 நிமிடம், 40 சதவீதம். 3 குறுவிடைகளுக்கு 40 நிமிடம், 20 சதவீதம். 7 ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்து வாதிடச் சொல்லும் டி.பி.க்யூ.வுக்கு 60 நிமிடம், 25 சதவீதம். ஆவணம் இல்லாத நீள் கட்டுரைக்கு 40 நிமிடம், 15 சதவீதம். கூட்டினால், பிள்ளை தானே எழுதுவதற்கு 60 சதவீதம் வருகிறது. நாங்கள் இதைக் கவனித்தது முதல் நிறுவனத்துக்குப் பணம் கட்டிய பிறகுதான்.

இன்னொன்று. பாடத்தை விளக்க ஆள் தேவைப்படவே இல்லை. இந்தத் தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் (காலேஜ் போர்டு) ஏ.பி. கிளாஸ்ரூம் தளத்தில் தினசரி வீடியோக்கள் இருக்கின்றன, கான் அகாடமியில் பாடம் முழுக்க இருக்கிறது, இரண்டுக்கும் காசு இல்லை. 1491இல் தொடங்கி இன்றுவரை வரும் ஒன்பது காலகட்டங்களையும் மகள் அப்படியே பார்த்து முடித்தாள். ஆக, ஜனாதிபதி ஜாக்சனின் வங்கிச் சண்டை என்ன, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் ஏன் 1877இல் முடிந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மணிக்கு நூறு டாலர் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் முதலில் போனது ஒரு பெரிய ட்யூஷன் நிறுவனம். மணிக்கு 110 டாலர், 10 மணி நேரத்துக்கு 1,100. அட்டவணை ஒழுங்காக இருந்தது. ஒருவர் வர முடியாவிட்டால் வேறொருவர் வந்தார். கொள்குறி வினாக்களில் நல்ல பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மேற்கோளையோ கார்ட்டூனையோ கொடுத்து அதிலிருந்து மூன்று நான்கு கேள்விகள் கேட்கும் முறை அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கட்டுரை திருத்துவது வகுப்பு நேரத்துக்குள்தான். அவள் எழுத ஒரு மணி நேரம், அவர் படிக்க அரை மணி நேரம் என்றால் அந்த வகுப்பில் வேறெதற்கும் இடமில்லை. 10 மணி நேரத்தில் திருத்தி வந்தவை மூன்றே கட்டுரைகள்.

அடுத்து, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. தமிழ்ப் பள்ளியில் மகளுக்கு அக்கா முறை. தேர்வில் 5க்கு 5 வாங்கி, இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. மணிக்கு 35 டாலர். மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. 2025 மே முதல் இந்தத் தேர்வு முழுக்கக் கணினியில், புளூபுக் செயலியில் நடக்கிறது. திரையில் ஆவணத்தைப் படித்துக்கொண்டே காகிதத்தில் குறிப்பெடுப்பது எப்படி, எத்தனையாவது நிமிடத்தில் தட்டச்சு தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் அவளைப் போல யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு மணி நேரத்தில் ஆறு கட்டுரைகள் பார்த்துக் கொடுத்தாள். 280 டாலர்தான் ஆனது. செலவை மட்டும் பார்த்தால் இவளை மிஞ்ச ஆள் இல்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவள் 7க்கு 6 போட்ட கட்டுரையை மாதிரித் தேர்வில் மகள் ஏறக்குறைய அதே போல எழுத, பள்ளியில் 3 வந்தது. அந்தப் பெண்ணிடம் குறை இல்லை. நன்றாக எழுதத் தெரிவது ஒன்று, இன்னொருவர் எழுதியதை அளவுகோலில் வைத்து அளப்பது இன்னொன்று. 19 வயதில் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

பிப்ரவரியில் மூன்றாவது ஆள் கிடைத்தார். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை உயர்நிலைப் பள்ளியில் நடத்தி ஓய்வுபெற்றவர். ஜூன் மாதங்களில் நாடெங்கும் உள்ள ஆசிரியர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து ஏ.பி. விடைகளைத் திருத்துவார்களே, அந்த வேலைக்கும் சில ஆண்டுகள் போய்வந்தவர். மகளின் பள்ளி ஆசிரியரிடமே கேட்டோம். தன் வகுப்புப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு அவர் சொல்லித்தரக் கூடாது என்பது எங்கள் பள்ளி மாவட்ட விதி. ஆனால் இவரைக் கைகாட்டினார். மணிக்கு 85 டாலர். வாரம் ஒரு கட்டுரையோ இரண்டோ முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தன் நேரத்தில் படித்துத் திருத்தி வைத்திருப்பார். வகுப்பு முழுக்க அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் பேச்சு.

12 வகுப்புகளில் 17 கட்டுரைகள். 1,020 டாலர். ஒரு கட்டுரைக்கு 60 டாலர் என்று ஆகிறது. நிறுவனத்தில் அதே கணக்கு ஏறக்குறைய 367 டாலர் வருகிறது. மணிக்கட்டணத்தைப் பார்த்தால் 110க்கும் 85க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. திருத்திய கட்டுரை ஒன்றுக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டால்தான் இது புலப்படும்.

எண்ணிக்கையைவிட அவர் திருத்திய விதம் முக்கியம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1865 முதல் 1910 வரை உலக அரங்கில் அமெரிக்காவின் பங்கு விரிந்ததற்கான காரணங்களில் எது எவ்வளவு முக்கியம் என்று மதிப்பிடச் சொல்லி 2018 தேர்வில் ஒரு டி.பி.க்யூ. வந்தது. அதே கேள்விக்கு அவரே சில ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்தார். அதில் ஒன்று இண்டியானாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெவரிட்ஜ் 1898 செப்டம்பரில் பேசிய பேச்சு. மகள் இப்படி எழுதியிருந்தாள்: ‘பெவரிட்ஜ் ஒரு செனட்டர் என்பதால் அவர் கருத்து நம்பத்தக்கது.’

கல்லூரிப் பெண்ணிடம் காட்டியபோது, ஆவணத்தின் மூலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், அதற்குரிய புள்ளி கிடைக்கும் என்றாள். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பில் எழுதியது இரண்டு வரி. முதல் வரி: ‘அப்போது அவர் செனட்டர் ஆகவில்லை.’ உண்மைதான், 1899இல்தான் அவர் செனட்டுக்குப் போனார். இரண்டாவது வரி: ‘இருந்தாலும் என்ன? அதனால் உன் வாதத்துக்கு என்ன?’

அந்த வகுப்பு முழுக்க இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே நடந்தது. பக்கத்து அறையிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடம் பேசுகிறார்? தேர்தல் பிரசாரத்தில், இண்டியானாபொலிஸில் கூடிய கூட்டத்திடம். அவர்களில் யார் யார் இருந்திருப்பார்கள்? விவசாயிகள், ஆலைக்காரர்கள். நாட்டில் விளைவதும் ஆலைகளில் உற்பத்தியாவதும் நம் தேவைக்கு மேல் இருக்கிறது, வெளிச் சந்தை வேண்டும் என்று அவர் சொல்வது அவர்கள் காதுக்கு எப்படி இருக்கும்? மகள் திரும்ப எழுதினாள்: ‘வாக்குக் கேட்கும் மேடையில் சந்தையை முன்வைத்துப் பேசியதிலிருந்து, கடல் கடந்து விரிவதைச் சாதாரண மக்களின் பிழைப்போடு இணைத்தால்தான் ஆதரவு கிடைக்கும் என்று அரசியல்வாதிகள் கருதியது தெரிகிறது, பொருளாதாரக் காரணமே வலுவானது என்ற வாதத்துக்கு இது துணை நிற்கிறது.’ ஆங்கிலத்தில் அவள் எழுதியதை என் தமிழில் தந்திருக்கிறேன். புள்ளி கிடைப்பது இப்படி எழுதினால்தான். இரண்டு ஆவணங்களுக்காவது இதைச் செய்ய வேண்டும்.

அதே போலத்தான், தனியாக ஒரு புள்ளி உள்ள வரலாற்றுப் பின்புலமும். அவள் எந்தக் கேள்விக்கும் 1492இல் தொடங்கிவிடுவாள். அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, கேள்வியின் காலத்துக்கு ஒட்டினாற்போல வா என்பார். மேற்சொன்ன கேள்விக்கு உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியையும் 1869இல் கண்டம் கடந்த ரயில் பாதை இணைந்ததையும் வைத்தாள், சரியாக உட்கார்ந்தது. நான்காவது கட்டுரையிலிருந்து இந்தப் புள்ளியை அவள் தவறவிடவே இல்லை. ஒரே தவறை மூன்று முறை ஒரே ஆள் பார்த்து, மூன்று முறையும் ஒரே மாதிரி சொன்னதால் வந்த பலன் இது. ஆள் மாறி ஆள் வரும் இடத்தில் இது நடக்கவில்லை.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய கட்டுரைக் கேள்விகள், மதிப்பெண் வழிகாட்டி, மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள், அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண், ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கம் எல்லாவற்றையும் கல்லூரி வாரியமே தன் தளத்தில் வெளியிடுகிறது. ஒரு மாதிரி விடையை மட்டும் எடுத்து, மதிப்பெண்ணைக் காட்டாமல் ட்யூட்டரிடம் கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். எங்கள் கல்லூரிப் பெண் அதிகாரபூர்வ மதிப்பெண்ணைவிட 2 கூடுதலாகப் போட்டாள். ஆசிரியருக்கு இரண்டு விடைகள் கொடுத்தோம். ஒன்றில் அப்படியே பொருந்தியது, மற்றதில் 1 குறைவு. நிறுவனத்தில் கேட்டபோது வகுப்புக்கு வெளியே எதையும் பார்ப்பது வழக்கமில்லை என்றார்கள். அந்தப் பதிலை முதலிலேயே கேட்டிருந்தால் 1,100 டாலர் மிச்சமாகியிருக்கும்.

ஆசிரியரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டுரையை அச்செடுத்துக் கையால் திருத்தி, ஸ்கேன் செய்து அனுப்புவார். எழுத்துப் புரியாமல் மகள் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டாள். செவ்வாய் மாலை மட்டும்தான் அவருக்கு நேரம். கறாரானவர், பாராட்டு அபூர்வம். எளிதில் மனம் சோர்ந்துவிடும் பிள்ளைக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் கல்லூரி அக்காவை வைத்து, அப்புறம் இப்படி ஒருவரிடம் போகலாம் என்று தோன்றுகிறது. எங்களுக்குத் தற்செயலாக அந்த வரிசையே அமைந்தது, அதனால்தான் சரிப்பட்டதோ என்னவோ. கொள்குறியில்தான் உங்கள் பிள்ளை தடுமாறுகிறது, எழுத்தில் இல்லை என்றால் நிறுவனமே போதுமாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து இணையத்தில் சொல்லித்தருபவர்களைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். நாங்கள் முயன்று பார்க்காததால் அதைப் பற்றி எதுவும் சொல்வது முறையாகாது. அவர்களுக்கும் அதே மாதிரி விடைச் சோதனையை வைத்துப் பாருங்கள்.

ஜூலையில் மகளுக்கு 4 வந்தது. 5 எதிர்பார்த்தவள், கொஞ்சம் முகம் வாடினாள். ஆனால் இந்த வருடம் ஆங்கில வகுப்பில் ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘அதனால் என்ன?’ என்று தானே பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

மகனுக்கு இந்தப் பாடம் அடுத்த வருடம் வருகிறது. ஆசிரியரிடம் இப்போதே ஒரு செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வைத்திருக்கிறோம்.