நான்கு வருட வின்எஸ்சிபி: தகராறு பாஸ்வேர்டில் இல்லை, போல்டரில்

கொக்குவிலில் எங்கள் சின்ன அறையில் பழைய பாடசாலை மலர்களை ஸ்கான் செய்து, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சேர்வருக்கு எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) வழியாக அனுப்புகிறோம். அதற்கு நான்கு வருடமாக வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் மென்பொருள்தான். பெரிய கோப்பு பாதி ஏறும்போது கரண்ட் போனாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் ஒரு முறை அந்த வசதியே எங்களை மூன்று நாள் அலைக்கழித்தது. சேர்வரை மாற்றிய பிறகு, அட்டைப்பட முன்னோட்டங்களும் பட்டியல் பக்கமும் வழக்கம்போலப் புதுப்பித்தன. திருத்திய பிடிஎஃப்களை ஏற்றினால் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி இல்லை). “அண்ணை, பாஸ்வேர்ட் பிழையோ?” என்று தம்பி கேட்டார். பாஸ்வேர்ட் பிழையென்றால் உள்ளேயே போக முடியாதே!

பிழைச் செய்தியில் கோப்பின் பெயரை உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பெயரின் வாலில் ‘.ஃபைல்பார்ட்’ என்று இருந்தது. வின்எஸ்சிபி, நாம் மாற்றாவிட்டால், 100 கேபிக்கு மேற்பட்ட கோப்பை முதலில் அந்தத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் போன பிறகே சொந்தப் பெயருக்கு மாற்றும். சிறிய கோப்பை நேரே பழையதின் மேல் எழுதிவிடும். எங்கள் கோப்புகள் என் பெயரில் இருந்தன. போல்டர் மட்டும் ரூட் (சேர்வரின் தலைமை நிர்வாகக் கணக்கு) பெயருக்குப் போயிருந்தது. இருக்கிற கோப்பில் எழுதலாம், போல்டருக்குள் புதிதாக ஒன்றை உருவாக்க முடியாது. தற்காலிகப் பெயர் வசதியை நிறுத்தினாலும் ஏறியிருக்கும். கரண்டை நம்பி அதைச் செய்ய எனக்கு மனமில்லை. போல்டரை எங்கள் இருவருக்கும் பொதுவான குழுவுக்கு மாற்றி, குழுவினரும் எழுதக்கூடிய 2775 அனுமதி கொடுத்தேன். முன்னால் உள்ள அந்த 2, உள்ளே உருவாகும் கோப்புகளும் அதே குழுவில் சேரும்படி செய்யும்.

சரி என்று, அந்த வேகத்தில் மேல் போல்டருக்கும் அதையே கொடுத்தேன். அடுத்த நிமிடம் இருவராலும் உள்ளே போக முடியவில்லை. எங்கள் கணக்குகள் அந்த மேல் போல்டருக்குள் அடைக்கப்பட்டவை (‘குரூட்’ என்பார்கள்). அப்படி அடைக்கும் போல்டரும் அதற்கு மேலுள்ளவையும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும், வேறு எவருக்கும் எழுதும் உரிமை இருக்கக்கூடாது. இல்லையென்றால், சேர்வரில் இணைப்புகளை ஏற்கும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் காரணம் வராது. சேர்வரின் பதிவேட்டில்தான் எழுதியிருந்தது. ரூட் கணக்கால் போய், உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 ஆக்கிய பிறகு திறந்தது.

இப்போது புதுப் போல்டர் திறந்தால், 100 கேபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்றிப் பார்த்த பிறகுதான் தம்பியிடம் கொடுக்கிறேன்.