கட்டிவைத்த படகுக்குக் காவல் எது? ஜிஎஸ்எம் போர்டு, செர்போ, சிக்னல் கே – ஓர் ஒப்பீடு

பூலாம்பட்டி–நெரிஞ்சிப்பேட்டை துறையில் ஆளையும் பைக்கையும் ஏற்றிப்போகும் விசைப்படகு, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே ஓடும் படகு, ஏற்காடு ஏரியின் மோட்டார் படகு என நம் பக்கத்துப் படகுகள் எதற்கும் கடல் உப்பு கிடையாது. ராத்திரி கட்டிவைத்த பிறகு வரும் ஆபத்து மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: மழைத்தண்ணீர், அதை இறைக்க வேண்டிய நேரத்தில் இறங்கிக்கிடக்கும் பேட்டரி.

ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் உள்ளே விழும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் 500 ஜிபிஎச் (மணிக்கு 500 கேலன்) என்றால் அட்டைப்பெட்டிக் கணக்கில் மணிக்கு சுமார் 1,900 லிட்டர். ஹோஸ் உயரமும் வோல்டேஜ் இழப்பும் போக பாதியைத்தான் நம்பலாம். ஆக நாற்பது நிமிட ஓட்டம், 2.5 ஆம்பியர் வீதம் 2 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. நல்ல பேட்டரிக்கு இது ஒரு சுமையே அல்ல. படகு மூழ்குவது பேட்டரி சிறியதாக இருப்பதால் அல்ல. தண்ணீர் ஏறினால் பம்பை ஆன் செய்யும் மிதவை சுவிட்சான ஃப்ளோட் சிக்கிக்கொள்வது, ஃபியூஸ் போவது, அது யாருக்கும் தெரியாமல் போவது ஆகியவற்றால்தான். ஆகவே தேவை, படகின் நிலையை நம் போனுக்குச் சொல்லும் ஒரு கருவி. அதற்கான மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கிணற்று மோட்டாருக்குப் போடும் மொபைல் ஸ்டார்ட்டரையே படகிலும் மாட்டினால் என்ன? வேலைக்கு ஆகாது. அது மூன்று ஃபேஸ் ஏசி சப்ளையைப் பார்த்து இயங்குவது. அதன் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 12 வோல்ட் டிசியில் ஓடி, சிம் வழியாக நம்மை அழைக்கும் ஜிஎஸ்எம் போர்டு போடலாம். அதுதான் நம் முதல் வழி.

ஜிஎஸ்எம் போர்டு

ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சிம் மாட்யூல், இரண்டு மூன்று ரிலே. அவ்வளவுதான் இதன் உடம்பு. செலவு சில ஆயிரத்துக்குள் முடியும், பழுது பார்க்கக் கோவையிலோ ஈரோட்டிலோ ஆள் கிடைக்கும். சும்மா இருக்கும்போது சுமார் 30 மில்லிஆம்பியர் எடுக்கும், நாளுக்கு 0.7 ஆம்பியர்-மணி. சோலார் இல்லாமலேயே வாரக்கணக்கில் தாங்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். பழைய சிம்800எல் மாட்யூல் 2ஜி மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி இல்லாததால் அந்த சிம் ஏறாது. 4ஜி மாட்யூலாக வாங்குவதே நல்லது. சிக்னல் பிடிக்கும் நொடியில் சிம்800எல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை மாட்யூலுக்கேற்பக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் மெலிந்ததாக இருந்தால் வோல்டேஜ் 3.4க்குக் கீழே இறங்கி மாட்யூல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். போர்டில் எல்லாம் சரியாகத் தெரியும், அழைப்பு மட்டும் வராது. 3 ஆம்பியர் கன்வெர்ட்டரும், மாட்யூலை ஒட்டி 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இதைத் தீர்க்கும்.

ரிலே விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீல நிறச் சிறிய ரிலேயின் முதுகைப் படித்துப் பாருங்கள்: 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி. பேட்டரியில் ஓடும் 48 வோல்ட் படகில் இதைப் போட்டால், டிசி ஆர்க் அணையாமல் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஆஃப் கொடுத்தும் பம்ப் நிற்காது. அங்கே டிசிக்கென்றே மதிப்பிட்ட கான்டாக்டர்தான் வேண்டும்.

செர்போ ஜிஎக்ஸ்

படகின் மின்கருவிகளைக் கண்காணித்து இணையத்தில் காட்டும் பெட்டி. நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனத் தயாரிப்பு. சோலார் சார்ஜர், இன்வெர்ட்டர், ஷன்ட் (கரன்டை அளக்கும் கருவி) எல்லாம் அதே நிறுவனத்துடையதாக இருந்தால் கேபிளைச் செருகிய உடனே விஆர்எம் என்ற அந்நிறுவன இணையப் பக்கத்தில் தெரியும். லித்தியம் படகுக்கு இதன் அருமை புரியும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி பாதி காலியானாலும் 13.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வோல்ட் மீட்டரைப் பார்த்து அதன் இருப்பைச் சொல்ல முடியாது. ஷன்ட் வைத்து உள்ளே வந்த, வெளியே போன ஆம்பியரை எண்ணத்தான் வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியில் அப்படியல்ல. ஓய்வில் 12.7 நிறைவு, 12.2 பாதி. வோல்ட்டே போதும்.

டிஜிட்டல் உள்ளீட்டை பில்ஜ் பம்ப், பில்ஜ் அலாரம் என்று செட்டிங்கிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பம்ப் ஒயரின் 12 வோல்ட்டை நேராக அதில் கொடுத்துவிடக் கூடாது. இடையில் ஒரு சிறு ரிலே: அதன் காயில் பம்ப் ஒயருக்கு, கான்டாக்ட் செர்போவுக்கு. இன்டர்நெட் அறுந்தால் செய்தி வராது என்பதால், "டேட்டா வரவில்லை" அலாரத்தை மறக்காமல் ஆன் செய்யுங்கள். இது இல்லையென்றால் அமைதியை நலம் என்று நினைத்துக்கொள்வோம்.

மின்செலவு சுமார் 3 வாட், நாளுக்கு 6 ஆம்பியர்-மணி. 4ஜி ரூட்டர் இதற்கு மேல். 20 வாட் பேனல் தினம் 5 ஆம்பியர்-மணியை எட்டினாலே அதிகம். 50 வாட் போடுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் சிக்னல் கே

சிக்னல் கே, படகின் சென்சார்த் தகவல்களைத் திரட்டித் தரும் இலவச மென்பொருள். ராஸ்பெர்ரி பை, அது ஓடும் கையடக்கக் கணினி. கணினி தெரிந்த கை இருந்தால் மற்ற இரண்டையும்விட நுணுக்கமாகப் பேசும். பராமரிக்க ஆள் இல்லாத துறையில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சப்ளை திடீரென்று போனால் எஸ்டி கார்டு பழுதாகும், பிறகு அந்தக் கணினி எழுந்திருக்காது. எஸ்எஸ்டி போட்டால் அந்தத் தொல்லை குறையும். மின்செலவும் செர்போ அளவு, சில நேரம் கூடுதல்.

சிஸோன், எம்பிர்பஸ் போன்ற, சர்க்யூட்டுகளைத் திரையிலிருந்தே இயக்கும் டிஜிட்டல் சுவிட்சிங் முறைகள் டஜன்கணக்கான சர்க்யூட் உள்ள பெரிய யாட்டுகளுக்கானவை. ஆறேழு சர்க்யூட் படகில் சுவிட்சும் ஃபியூஸும் போதும்.

எங்கள் தேர்வு: டீசல் எஞ்சினும் ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரியும் உள்ள துறைப்படகுக்கு 4ஜி போர்டு, சோலாரும் லித்தியமும் உள்ள சுற்றுலாப் படகுக்குச் செர்போ.

எதை வாங்கினாலும் ஃப்ளோட் சுவிட்சை அதன் வழியாக ஓட்டாதீர்கள். பேட்டரி, அதை ஒட்டியே ஃபியூஸ், ஃப்ளோட், பம்ப் – இந்தப் பாதை தனி. கருவி இதை வேடிக்கை பார்க்க மட்டும்தான். பம்ப் 10 மீட்டர் தள்ளியிருந்து 5 ஆம்பியர் எடுத்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக வர சுமார் 0.8 வோல்ட் இழப்பு. 6 சதுர மில்லிமீட்டரில் அது 0.33 ஆகும். டின் பூசிய தாமிரக் கம்பியாக எடுங்கள்.

பார்க்க வேண்டிய கணக்கு இரண்டு. பம்ப் ஃபியூஸைச் சாராமல் கருவியோடு இணைத்த இன்னொரு அலாரம் ஃப்ளோட் மேலே இருந்தும் பம்ப் கரன்ட் பூஜ்ஜியம் என்றால் ஃபியூஸோ பம்போ போய்விட்டது, உடனே அழைப்பு வர வேண்டும். மழையில்லாத நாளிலும் பம்ப் ஓடும் தடவை ஏறிக்கொண்டே போனால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேக்கிங்கில் கசிவு. மூழ்கும் அளவுக்குப் போகும் முன்பே ஸ்பேனரோடு போய்ச் சேரலாம். அலையில் ஃப்ளோட் ஆடிப் பொய் அழைப்பு வராதிருக்க 15 நொடி தாமதம் வையுங்கள்.

ஆகாயத்தாமரை வேரும் பாலிதீன் பையும் ஃப்ளோட்டுக்கு எமன். சுற்றி வலைக்கூண்டு மாட்டி, மாதம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பிறகு பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அலாரம் ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் போன் அடிக்கவில்லை என்றால், ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.