ஃபிரிட்ஜ் இல்லாமல் பால்: ஒக்கியிலிருந்து இன்றுவரை இரட்டைப்பானை

பெரிய மண்பானைக்குள் ஒரு சின்னப் பானை, இடையில் ஈர ஆற்றுமணல், மேலே நனைத்த சாக்கு. இவ்வளவுதான். நைஜீரியாவின் முகமது பா அப்பா 1990-களில் இதைக் காய்கறிக்காகப் பரப்பினார். நான் வைப்பது ஆட்டுப்பால். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது தொடங்கியது. கரண்ட் வந்த பிறகும் விடவில்லை.

பானை உதவுமா என்பது உங்கள் ஊர்க் காற்றைப் பொறுத்தது. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிப் பக்கம். ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் கணவாய்க் காற்றில் சாக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும், மறுபடி நனைப்பேன். காலையில் கறந்த பால் சாயங்காலம் அடுப்பில் ஏற்றினால் திரியாமல் பொங்கும். அதே ஆனியில் குலசேகரத்தில் அக்கா வீட்டில் நல்ல மழை. நான் வாங்கிக்கொடுத்த அதே மாதிரிப் பானைதான். சாக்கு நாள் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும், பாலில் மதியமே புளிப்பு வாடை.

தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் சுமார் 22 டிகிரி வரை இறங்கலாம். 70 சதவீதம் என்றால் 27-ஐத் தாண்டிக் கீழே போகாது. ஈரக்காற்று வீசும் கடலோரத்தில், குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் இதில் காசு போட வேண்டாம் என்பேன்.

சவூதியில் ஒட்டகப் பண்ணையில் இருந்த மச்சான், அங்கே ஒட்டகப்பால் வெளியில் இருந்தும் சீக்கிரம் கெடாது என்பார். "நம்ம ஆட்டுப்பாலுக்கு அந்தக் கணக்கு பாக்காத, கேட்டியா" என்றும் சொன்னார். சரிதான். கிருமியைத் தடுக்கிற லைசோசைம், லாக்டோஃபெர்ரின் என்ற புரதங்கள் ஒட்டகப்பாலில் கூடுதல்.

ஆனால் ஒட்டகம் வளர்ப்பவர்களின் ஒரு வழக்கம் எனக்கு நன்றாக உதவுகிறது. கென்யா, சோமாலியாவில் பால் குடுவைக்குக் கொள்ளிக்கட்டையால் புகை போடுவார்கள். நான் சிரட்டையில் செய்கிறேன். உள்பானையைக் கழுவி வெயிலில் காயவைத்து, சிரட்டைக் கனலை உள்ளே போட்டு மூடுவேன். புகை அடங்கியதும் கரியைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பால் ஊற்றுவேன். மண்ணில் ஊறிப்போன பழைய புளிப்பு போய்விடும். பாலில் லேசாகப் புகைவாசம் ஏறும். மோருக்கு அருமை, டீக்கு ஆகாது. பாலில் நாலு நெல் போட்டால் கெடாது என்பார்கள். போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பானையும் புகையும் கிருமி பெருகுவதை மெதுவாக்கும், கொல்லாது. ஆட்டுப்பால், ஒட்டகப்பால் இரண்டிலிருந்தும் புரூசெல்லா என்ற கிருமித் தொற்று வரலாம். பச்சையாகக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொங்கக் காய்ச்சிய பிறகுதான் எதுவும்.

அப்புறம், பெயின்ட் அடித்த பானை வாங்காதீர்கள், நீர் கசியாது. உப்புத்தண்ணீர் ஊற்றினால் வெளிப்பானையில் வெள்ளையாகப் பூக்கும். கதம்பை நாரால் தேய்த்துவிடுங்கள், துளை அடைத்தால் பானை குளிராது. மணலில் பாசி வாடை வந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.